கொம்பு முனியின் தாடை

ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்கியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடைமேடைத் தூணில் ஏதோ நீர்ப் பூங்காவின் விளம்பரம். அதில் ஒரு நீலத் திமிங்கிலம் இரண்டு வரிசைப் பல்லையும் காட்டி இளித்துக்கொண்டிருந்தது. நீலத் திமிங்கிலத்துக்குப் பல்லே கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே தூத்துக்குடியில் கல்லூரி வகுப்பில் என் தொண்டை தேய்ந்துபோனது. எங்கள் கல்லூரிச் சுவரிலேயே இப்படி ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார்கள். கடல் தாண்டி வந்தால் அதன் தம்பி இங்கே நிற்கிறான்.

நான் இங்கே வந்ததே ஒரு திமிங்கிலத்தைப் பார்க்கத்தான். அம்மாவின் வழியில் எனக்குத் தங்கை முறையாகும் வசந்தா, பேராக் மாநிலத்தில் பீடோருக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். போன மாதம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். வாசலில் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் இரண்டு பெரிய வெள்ளைத் தூண்கள். 'அக்கா, நீங்க மீன் டீச்சர்தானே, இது யானைக் கொம்பான்னு பாத்துச் சொல்லுங்க' என்று கீழே எழுதியிருந்தாள். மீன் டீச்சர் என்றதற்கு ஒருமுறை கோபப்பட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஈப்போவில் இறங்கிய மறுநாள் சனிக்கிழமை. காலை ஏழரைக்கு, வசந்தா சொல்லி வைத்திருந்த காளியப்பன் அண்ணன் தன் வேனோடு வந்தார். வாரநாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அது. அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். "வாங்க டீச்சர், மொதல்ல பசியாறுவோம்" என்றார். இங்கே காலை உணவுக்குப் பசியாறுவது என்றே பெயர். எவ்வளவு நேர்மையான சொல்! புந்தோங்கில் ஒரு கடையில் இரண்டு ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ ஒன்று, நாலு வெள்ளி அறுபது காசு. வெள்ளி என்றால் ரிங்கிட், இந்த நாட்டுப் பணம்.

ஈப்போவை விட்டுத் தெற்கே திரும்பினால் இருபுறமும் சுண்ணாம்பு மலைகள் செங்குத்தாக நிற்கும். பார்க்க அழகுதான், சிம்பாங் பூலாய் வரும்வரை. அங்கே ஒரு மலையில் பாதி இல்லை. வெட்டிய பக்கம் வெள்ளையாக, தோலுரித்ததுபோல் இருந்தது. லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அந்த மலை ஒரு பழைய கடலின் அடித்தரை. திமிங்கிலம் என்ற பேச்சே உலகத்தில் இல்லாத காலத்துக் கடல். அதை அரைத்துப் பற்பசையிலும் பெயின்டிலும் போடுகிறார்கள் என்றார் காளியப்பன் அண்ணன். நான் வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டேன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?" என்று பேச்சை மாற்றினேன்.

"அது இப்ப கோல்ப் திடல். நான் பொறந்த வீடு இருந்த எடத்துல பந்து உருட்டுறதுக்கு ஒரு ஓட்டை போட்டு, கொடி நட்டு வச்சிருக்கான் லா" என்று, இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய லாவோடு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோப்பேங், கம்பார், தாப்பா கடந்து பீடோருக்கு வந்தபோது ஒன்பதரை ஆகிவிட்டது. அங்கிருந்து தெலுக் இந்தான் போகும் சாலையில் இருபது கிலோமீட்டர் போல. மலைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. தரை மேசைபோலத் தட்டையானது. எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை, செம்பனை, மறுபடி செம்பனை. முன்பு இதெல்லாம் பால்மரம் என்று கையைக் காட்டினார் அண்ணன். ரப்பரைத் தமிழர்கள் இங்கே பால்மரம் என்றுதான் சொல்கிறார்கள். தோட்டத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் கம்பெனி வக்கீலைப் பார்க்கும், நான் வசந்தாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

மண்சாலையின் முடிவில் வரிசை வீடுகள், அவர்கள் பேச்சில் லயம். ஒன்பது குடும்பங்கள் மிச்சம். மற்ற லயங்கள் இருந்த இடத்தில் அடித்தளச் சிமெண்டு மட்டும் கிடந்தது. அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு மண் அள்ளும் இயந்திரம் நின்றது. கோயில் லயத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்தது.

வசந்தா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயதுக்காரி. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரம் முழுவதும் அங்கே விடுதி, வெள்ளி இரவு வீடு. கோயில் கமிட்டிக்குச் செயலாளரும் அவள்தான். "வெயில்ல நிக்காதீங்கக்கா, செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்று இழுத்தாள்.

உள்ளே கால் வைத்ததும் ஒரு விநோதத்தைக் கவனித்தேன். பந்தல் கால் எதுவும் மண்ணில் நடப்படவில்லை. பழைய பெயின்ட் டின்களில் மண்ணை நிரப்பி அதில் ஊன்றியிருந்தார்கள். கொடிக்கம்பம்கூட ஒரு பெரிய டின்னில்தான். ஏன் என்று கேட்டேன்.

"இந்த மண்ணுல முளை அடிக்கக் கூடாதுக்கா. அப்பா காலத்துலேருந்து அப்படித்தான். முனி படுத்திருக்காரு, வலிக்கும்" என்றாள். நம்பிக்கை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். என் கண்ணெல்லாம் வாசலில் இருந்தது.

அவை என்னைவிட இரண்டு மடங்கு உயரம். அடியில் சிமெண்டு வைத்துப் பூசி, மேலே நுனிகள் சேருகிற மாதிரி நிறுத்தி, ஆண்டுதோறும் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வளைவுக்கு நடுவில் தந்தத்தோடு ஒரு யானை ஓவியம். கோயிலின் பெயர் கொம்பு முனீஸ்வரர் ஆலயம். நான் விபூதியைத் தொட்டு வைத்துக்கொண்டு, அனுமதி கேட்டு, ஏணி போட்டு ஏறினேன். பல்குழி ஒன்றுகூட இல்லை. தந்தத்தில் இருக்கும் உட்குழியும் இல்லை. மேல் நுனியில், உள்பக்கம், விரல் நுழையும் ஒரு பள்ளம். அதை இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். இறங்கி வந்து வசந்தாவைக் கட்டிக்கொண்டேன்.

"என்னாக்கா, யானை இல்லியா?"

"யானை இல்லடி. இது தாடை. பலீன் திமிங்கிலம், அதாவது பல்லுக்குப் பதிலா வாயில சல்லடை வச்ச திமிங்கிலம், அதோட கீழ்த்தாடை, இடது ஒண்ணு, வலது ஒண்ணு."

சுற்றி நின்றவர்கள் கோயிலுக்குள் பாய் விரித்தார்கள். அப்புறம் நான் பேசினேன், அவர்கள் கேட்டார்கள். ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் திமிங்கிலத்தின் முன்னோர் நாலு காலில் நடந்த மிருகம். அதற்கு வாய் நிறையப் பல். கடலில் இறங்கிய பிறகும் பல் இருந்தது. மூன்று கோடி ஆண்டுகள் சொச்சத்துக்கு முன்னால் வாழ்ந்த பலீன் திமிங்கிலங்களின் மூதாதைகளுக்கும் பல் இருந்ததைப் புதைபடிவங்களில் பார்க்கிறோம். பிறகு பல் போனது, சல்லடை வந்தது. எது முதலில், எப்படி என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. சிலர் பல்லும் சல்லடையும் சிலகாலம் ஒரே வாயில் இருந்தன என்கிறார்கள். இன்னும் சிலர், பல் போன பிறகு வாயால் உறிஞ்சித் தின்ற காலம் ஒன்று இருந்தது, சல்லடை அதற்கும் பிறகுதான் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தாய் வயிற்றில் இருக்கும் குட்டிக்கு இன்றும் பல் அரும்பும். பிறக்கும் முன்பே அது கரைந்துபோய்விடும். பழைய கதையை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே வருகிறது அந்தக் குட்டி.

"அப்ப எப்படித் திங்கும்?" என்றார் காளியப்பன் அண்ணன்.

மேல்தாடையிலிருந்து சீப்புப் பற்கள்போல் தகடு தகடாகத் தொங்கும். திமிங்கிலம் வாயை அகலத் திறந்து கடலை ஒரு வாய் விழுங்கும். பிறகு தண்ணீரை அந்தத் தகடுகள் வழியாக வெளியே தள்ளும். மீன் உள்ளே தங்கிவிடும்.

"நம்ம தோட்டத்து ஸ்டோர்ல மரத்துப் பால் வடிகட்டுவோமே, அது மாதிரி லா."

"அதுக்கு நேர் எதிர் அண்ணே. அங்க வடிஞ்சது வேணும். இங்க தங்கினது வேணும்."

இவ்வளவு அகலமாக வாயைத் திறக்க வேண்டுமானால் தாடை இரண்டும் நுனியில் ஒட்டியிருக்கக் கூடாது. நமக்குத் தாடை ஒரே எலும்பு. பல்லுள்ள திமிங்கிலங்களில் பலவற்றுக்கும் நுனி இறுகிக் கிடக்கும். பலீன் திமிங்கிலத்துக்கு மட்டும் இரண்டும் தசைநாரால் கட்டிய தனித்தனி எலும்பு. நான் தொட்ட பள்ளம் அந்த நார் இருந்த இடம். அதனால்தான் மண்ணில் கிடந்தபோது அவை கழன்று தனித்தனியாகக் கிடைத்திருக்கின்றன. ஒட்டியிருந்தால் இந்த வாசல் இல்லை.

"அந்தத் தகடு எலும்பா அக்கா?"

"எலும்பில்ல. நம்ம நகம், மாட்டுக் கொம்பு, அந்தப் பொருள்தான். மக்கிப் போயிருக்கும்."

வசந்தா தொடையில் தட்டினாள். "அப்ப கொம்புதான்! அதுக்கு வாயில கொம்பு!" எல்லோரும் சிரித்தார்கள். பெயரை மாற்ற வேண்டாம் என்று கமிட்டி அங்கேயே முடிவு செய்துவிட்டது. அந்த நாளில் நான் கோபமில்லாமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

கடலே இல்லாத இடத்துக்குத் திமிங்கிலம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. லோங்காங் வெட்டினால், அதாவது வடிகால் வெட்டினால், கூடை கூடையாகச் சிப்பி வரும் என்று அவர்களே சொன்னார்கள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இவ்வளவு தூரம் உள்ளே வந்திருந்தது. எங்கோ கரையோரச் சேற்றில் சிக்கிச் செத்த திமிங்கிலம் இது.

மதியச் சாப்பாட்டின்போதுதான் வசந்தா உண்மையைச் சொன்னாள். கம்பெனி இந்த நிலத்தில் வீடு கட்டி விற்கப் போகிறது. முதலில் கோயில் போகும், அதன்பின் லயம். கோயிலுக்கு மாற்று இடம் தந்திருக்கிறார்கள், புதிய குடியிருப்பின் கழிவுநீர்க் குட்டைக்குப் பக்கத்தில். லயத்து ஒன்பது குடும்பங்களுக்கு வீடு தருவதாகச் சொன்னது வாய்ச்சொல்லோடு நிற்கிறது. கோயில் இருக்கும்வரை அவர்கள் இங்கே மூன்று தலைமுறையாக இருந்ததற்கு ஒரு அடையாளம் இருக்கிறது. கோயில் போனால் அதுவும் போகும். வரும் திங்கட்கிழமை இயந்திரம் இறங்கும்.

"இது பெரிய விஷயம்னு நீங்க சொன்னா இந்த எடத்தத் தொடமாட்டாங்கதானே அக்கா? அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்" என்றாள். பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் ஏணியில் ஏறும் முன் யோசித்திருப்பேனே.

மூன்று மணிக்குக் கம்பெனி அதிகாரி வந்தார். பெயர் பிரகாஷ். ஈப்போக்காரர், தமிழர், முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை. கூடவே இரண்டு ஆட்கள், கையில் சம்மட்டி, சிவப்பு நாடா கட்டிய மரமுளைகள் ஒரு கட்டு. எல்லை குறிக்க வந்தார்களாம். என்னைப் பார்த்ததும் "மேடம் இந்தியாவா?" என்று கைகொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

"ரொம்ப நல்லது மேடம். யானைக் கொம்புன்னா எங்களுக்குப் பிரச்சினை, கோயில் சொத்துன்னு சொல்வாங்க. திமிங்கிலம்னா மியூசியத்துக்குக் குடுத்துரலாம். ஏர்கண்டிஷன் ரூம், கண்ணாடிப் பெட்டி. நாளைக்கே கிரேன் வரச் சொல்றேன்."

"அப்ப கோயில்?" என்றாள் வசந்தா.

"சாமியே திமிங்கிலம்னு இவங்க சொல்லிட்டாங்களே அக்கா. அப்புறம் என்ன கோயில்?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சாமி என்றால் அது கம்பெனி நிலத்தில் நிற்கும் அனுமதியில்லாத கொட்டகை. திமிங்கிலம் என்றால் எலும்பு கண்ணாடிப் பெட்டிக்கு, ஆட்கள் சாலைக்கு. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு நடுவில் நின்று சிரிக்கிறான் இந்தப் பையன். அடைக்க உதவியது என் வாய்.

"தம்பி, உங்க கம்பெனிக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? இந்த எலும்ப இவ்வளவு வருஷம் உடையாம வச்சிருந்தது இவங்க. பெயின்ட் அடிச்சு, மழையில நனையாம கூரை போட்டு. எலும்புக்கு ஏசி ரூம் தருவீங்க, இவங்களுக்கு மலக்குட்டையா?"

"மேடம், எமோஷனலாப் பேசாதீங்க. நான் வேலை பாக்குறவன் லா" என்றார் பிரகாஷ். பிறகு தன் ஆட்களிடம் மலாயில் ஏதோ சொன்னார். அவர்களில் ஒருவன் கோயில் முற்றத்தில் ஒரு முளையை நிறுத்தி, சம்மட்டியை ஓங்கினான்.

"டேய்! முதுகுல அடிக்காத!" என்று வசந்தா கத்திக்கொண்டு ஓடினாள்.

அந்தக் கத்தலில் எல்லோரும் நின்றுவிட்டோம். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "எந்த முதுகுடி?"

"முனியோட முதுகுக்கா. அப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் கோயிலுக்குக் கெணறு வெட்டுனாங்க. இங்கதான். ஆள் உயர ஆழத்துல இந்தக் கொம்பு ரெண்டும் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் வெட்டுனா, உரல் உரலா வரிசையா வெள்ளையா இருந்துச்சாம். அந்தப் பக்கம் லயம் வரைக்கும் போவுதுன்னு அப்பா சொல்வாரு. முனியோட முதுகெலும்புன்னு பயந்து எல்லாரும் ஏறி வந்து, மூடிட்டாங்க. அதான் முளை அடிக்கக் கூடாது."

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உரல் உரலாக வரிசையாக என்றால் அது முள்ளெலும்பு. காலையில் இதே மண்ணில் நின்று, டின்னில் ஊன்றிய பந்தல் காலைப் பார்த்து, நம்பிக்கை என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். பயந்து மூடியதால் யாரும் கிளறவில்லை. யாரும் கிளறாததால் முழுத் திமிங்கிலமும் அப்படியே படுத்திருக்கலாம், மண்டையோடு, விலாவோடு, லயத்துக்கு அடி வரை. அந்த மண்டை கிடைத்தால், சல்லடை தொங்கிய மேல்தாடையில் ரத்தக்குழாய் ஓடிய தடங்கள் இருக்கும். எந்தத் திமிங்கிலம், எப்படித் தின்றது என்று படிக்கலாம்.

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு பிரகாஷிடம் போனேன்.

"தம்பி, கிரேன் கொண்டுவாங்க. இந்த ரெண்டையும் தூக்கிட்டுப் போங்க. அது வெறும் தாடை. ஆள் கீழ படுத்திருக்கார். அவரத் தூக்க கிரேன் போதாது. மண்ண மயிரிழை மயிரிழையா எடுக்கணும், பிரஷ் வச்சு. அதுக்கு முன்னாடி உங்க மெஷின் இங்க ஒரு வாளி மண் அள்ளுனா, யார் அள்ளுனாங்க, எந்தக் கம்பெனின்னு எனக்குத் தெரிஞ்ச திமிங்கில ஆராய்ச்சிக்காரங்க எல்லாருக்கும் படத்தோட போகும். எனக்கு நிறையப் பேரத் தெரியும். எல்லாரும் என்ன மாதிரியே கோவக்காரங்க."

"கீழ இருக்குன்னு யாரு பாத்தா? இந்த அக்காவோட அப்பா சொன்னாராம். அவ்வளவுதானே?" பிரகாஷின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "ஒரு கம்பிய இறக்கிப் பாத்துரலாம்."

வசந்தா அவரைத் தாண்டி நடந்தாள். போய் முளை நிறுத்திய இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் காளியப்பன் அண்ணன் உட்கார்ந்தார், முழங்கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே. பிறகு லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"முளை அடிக்கக் கூடாது தம்பி" என்றாள் வசந்தா. "நேத்து வரைக்கும் சாமி சொல்லுச்சு. இன்னிக்கு இந்த அக்காவும் சொல்லுது. ரெண்டு பேர்ல யார நம்புனாலும் சரி."

முளை அடிக்க வந்த ஆள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. பிரகாஷ் போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, திங்கட்கிழமை இயந்திரம் இறங்காது என்றும், மேலிடம் சம்பந்தப்பட்ட இலாகாவுக்குத் தெரிவிக்கும் என்றும் சொன்னார். எழுதித் தருவீர்களா என்றேன். அது மேலிடம்தான் தரும் என்றார். கார் கிளம்பிய வேகத்தில் முளைக்கட்டை மறந்துவிட்டுப் போனார்கள்.

"இலாகா வந்து வேலி போட்டு எங்களப் போகச் சொன்னா?" என்று வசந்தா கேட்டாள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சொல்லலாம். ஆனா தோண்டுறதுக்கு வருஷக் கணக்காகும்" என்றேன்.

"பொறுமையாத் தோண்டட்டும் லா. எங்களுக்கு என்ன அவசரம்?"

ஞாயிறு மதியம் ஈப்போவில் ரயில் ஏறினேன். அந்த நீலத் திமிங்கிலம் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் ஊரிலும் திமிங்கிலம் ஒதுங்கும். ஆட்கள் அதன்மேல் ஏறிப் படம் எடுப்பார்கள், சாயங்காலம் ஜேசிபி வந்து குழி வெட்டிப் புதைக்கும், மறுநாள் எங்கே புதைத்தோம் என்று புதைத்தவனுக்கே தெரியாது. அதன் எலும்புக்கு விபூதி பூசி, கூரை போட்டு, அது படுத்திருக்கும் மண்ணுக்கு வலிக்குமே என்று பந்தல் காலை டின்னில் ஊன்றியவர்களைத்தான் நிலத்துக்கு உரிமையில்லாதவர்கள் என்கிறார்கள். இதை நினைக்க நினைக்க ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

தஞ்சோங் மாலிம் தாண்டும்போது வசந்தாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கோயில் முற்றம் முழுக்க, லயத்துக் கடைசி வீடு வரைக்கும், பெயின்ட் டின்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு டின்னிலும் மண், ஒவ்வொரு மண்ணிலும் கம்பெனியின் ஒரு மரமுளை, சிவப்பு நாடாவோடு. வரிசைக்கு உள்ளே ஒன்பது வீடும் இருந்தன.

கீழே எழுதியிருந்தாள்: 'முளை அடிச்சாச்சுக்கா. டின்னுல.'